கப்பலின் உள்ளே எதைச் செய்வது: முழுக் கப்பலா, வெட்டுத் துண்டா, ஒற்றை அறையா?

மரத்தில் கப்பல் செய்கிறவர்களில் பெரும்பாலோருக்கு வெளிப்புறத்தின் மேல்தான் கண். உடலின் வளைவு, பாய்மரம், கயிறுகள், முகப்புச் சிற்பம். உள்ளே இருப்பதைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் பேர். கேப்டனின் எழுதுமேசை, அதன் இழுப்பறை, சுவரோடு சேர்ந்த படுக்கை, மாலுமிகளின் தூளி, செங்குத்தான ஏணி, சரக்கறையில் அடுக்கிய பீப்பாய்கள் என்று மனம் அந்தப் பக்கம் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இவர்களுக்குத் தொடக்கத்திலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. கிட் பெட்டிகள் (பாகங்கள் வெட்டித் தயாராக வரும் தொகுப்புகள்), செய்முறை நூல்கள், வரைபடங்கள் எல்லாமே பெரும்பாலும் வெளிப்புறத்தைச் செய்கிறவர்களை மனதில் வைத்து வருகின்றன. எந்த அளவு, எந்த மரம், எந்தக் கிட் என்று அங்கே கிடைக்கும் யோசனைகளை அப்படியே எடுத்துக்கொண்டால் உள்ளறைக்குச் சரிவராது. கைத்திறன் இருந்தும் பாதியில் நின்றுபோன உள்ளறை வேலைகளைப் பார்த்தால், பலவற்றில் சிக்கல் முதல் வாரத்து முடிவிலேயே தொடங்கியிருக்கும்.

அளவையும் மரத்தையும் அப்புறம் பார்க்கலாம். முதலில் முடிவு செய்ய வேண்டியது, பார்க்கிறவரின் கண் எந்த வழியாக உள்ளே போகப்போகிறது என்பதை. அதற்கு மூன்று வழிகள் உண்டு. முழுக் கப்பலைச் செய்து ஒரு பக்கத்தைத் திறந்து விடலாம். கப்பலைக் குறுக்கே வெட்டியெடுத்தது போல ஒரு துண்டை மட்டும் செய்யலாம். அல்லது ஒரே ஓர் அறையை ஒரு பெட்டிக்குள் செய்யலாம். மற்ற முடிவுகள் எல்லாம் இதைப் பொறுத்தே மாறும்.

முழுக் கப்பல்

ஆசை முதலில் ஓடுவது இங்கேதான். இதற்கு நல்ல மரபும் இருக்கிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுக்குச் செய்யப்பட்ட மாதிரிகள் பலவற்றில், உடலின் கீழ்ப்பகுதிக்குப் பலகை அடிக்காமல் விலாச்சட்டங்களை வெளியே தெரியும்படி விட்டிருப்பார்கள். மேல்தளத்திலும் சில பலகைகளைப் போடாமல் விட்டு, கீழே இருப்பதைக் காட்டுவது உண்டு. அவற்றில் அடிக்கடி காணப்படும் அளவு 1:48, அதாவது உண்மையில் 48 சென்டிமீட்டர் இருப்பது மாதிரியில் ஒரு சென்டிமீட்டர். லண்டன் கிரீனிச்சின் தேசியக் கடல்சார் அருங்காட்சியகச் சேகரிப்பில் இப்படிப்பட்டவை நிறைய இருக்கின்றன. அவற்றைப் படத்தில் பார்த்தாலே நாமும் செய்ய வேண்டும் என்று தோன்றும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1765இல் நீரில் இறங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஹெச்.எம்.எஸ். விக்டரியின் பீரங்கித் தள நீளம் 186 அடி, அதாவது சுமார் 56.7 மீட்டர். 1:48இல் அது 118 சென்டிமீட்டர். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பத்தையும் பாய்மரங்களையும் சேர்த்தால் இன்னும் பெரிதாகும். இத்தனை இடத்தை அடைத்துக்கொண்டும், இரண்டு தளங்களுக்கு நடுவே கிடைக்கும் உயரம் ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர்தான். கப்பலின் அகலமோ இந்த அளவில் 33 சென்டிமீட்டர். அந்த இடுக்கு வழியாகப் பார்க்கிறவர் கண்ணைச் சரியாகத் தளத்தின் மட்டத்துக்குக் கொண்டுபோனால் எதிர்ப்பக்கம் வரை தெரியும். சற்று மேலே நின்று பார்த்தால் பார்வை சில விரற்கடை தூரத்திலேயே தளத்தில் முட்டி நின்றுவிடும். நடுவில் நீங்கள் வைத்த பீரங்கியும் மேசையும் அங்கே இருக்கின்றன என்று வாயால் சொல்லித்தான் தெரியவைக்க வேண்டும்.

கிட் வாங்கி உள்ளே நாமாகத் தளவாடம் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முழுக் கப்பல் கிட்களில் பெரும்பாலானவை, நீளவாக்கில் ஒரு ப்ளைவுட் முதுகெலும்பை வைத்து அதன் மேல் குறுக்கே முழுத் தடுப்புப் பலகைகளைச் செருகி, வெளியே பட்டைகளை ஒட்டும் முறையில் இருக்கும். அந்தத் தடுப்புகள் உடலை முழுதாக அடைத்துக்கொண்டு நிற்கும். உள்ளே வெற்றிடம் என்று ஒன்று இருக்காது. அறுத்தெடுத்தால் உடலின் வடிவமே ஆட்டம் காணும். உண்மையான கப்பலைப் போலத் தனித்தனி விலாச்சட்டங்களை வைத்துக் கட்டும் முறையில்தான் உள்ளறைக்கு இடம் கிடைக்கும். அது வேறு வகை வேலை, நீண்ட வேலை. சட்டங்களை மட்டும் சரியாக நிறுத்தவே மாதக்கணக்கில் ஆகும், உள்ளறை அதற்கெல்லாம் பிறகுதான்.

இதனால் முழுக் கப்பல் வேண்டாம் என்று சொல்லவில்லை. கப்பலின் மேல் ஒட்டுமொத்தமாக ஈடுபாடு உள்ளவர், கயிறு கட்டுவதிலும் அதே மகிழ்ச்சி அடைகிறவர், வருடக்கணக்கில் ஒரே வேலையோடு இருக்கத் தயாரானவர் செய்யட்டும். உள்ளறைதான் உங்கள் ஆசை என்றால், அந்த ஆசைக்குக் கிடைக்கும் பங்கு இதில் மிகவும் குறைவு.

குறுக்குவெட்டுத் துண்டு

இது அடுத்த நிலை. பெரும்பாலும் கப்பலின் நடுப்பகுதியில், முதன்மைப் பாய்மரம் நிற்கும் இடத்தில், நாலைந்து மீட்டர் கனமுள்ள ஒரு துண்டை எடுத்துச் செய்வார்கள். விக்டரியில் 5 மீட்டர் கனத்துக்கு வெட்டினால் 1:48இல் அது 10 சென்டிமீட்டர் கனமும் 33 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட துண்டு. ஓர் அலமாரித் தட்டில் அடங்கிவிடும். இரண்டு பக்கமும் திறந்திருப்பதால் எந்த இடமும் கண்ணிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போகாது. முழுக் கப்பலின் பெரிய குறை இங்கே தானாகவே தீர்ந்துவிடுகிறது.

துண்டு ஒன்று காட்டுவதை வேறு எதுவும் காட்டாது. அடியில் ஏராக்கால் என்னும் நீள அடிமரம், அதன் மேல் நிலைப்படுத்தும் பாரம், அதில் அழுந்திக் கிடக்கும் பீப்பாய்கள், பாய்மரத்தின் அடி எந்த மரத்தின் மேல் ஊன்றியிருக்கிறது, நீர் இறைக்கும் குழாய்கள் எப்படி மேலே ஏறுகின்றன, தளத்தைத் தாங்கும் உத்தரங்கள் பக்கச் சுவரோடு எந்த முட்டுக்கட்டையால் பிணைக்கப்பட்டிருக்கின்றன என்பதெல்லாம் அடுக்கடுக்காகத் தெரியும். ஒரு கப்பல் எப்படி நிற்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கிட்களும் இந்த வகையில் கிடைக்கின்றன. அவற்றில் பல விலாச்சட்ட முறையிலேயே வருவதால் உள்ளே இடமும் இருக்கும்.

தூளிகளைச் சொல்லாமல் விட முடியாது. பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு மாலுமிக்குத் தூளி கட்ட ஒதுக்கிய அகலம் 14 அங்குலம். 1:48இல் அது ஏழரை மில்லிமீட்டருக்கும் குறைவு. மெல்லிய பருத்தித் துணியை நீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து, ஒரு வளைந்த கம்பியின் மேல் தொங்கவிட்டுக் காயவைத்தால், ஆள் இல்லாத தூளியின் தொய்வு அப்படியே வரும். உத்தரத்திலிருந்து உத்தரத்துக்கு அதை வரிசையாகக் கட்டிப் பார்க்கும்போதுதான், அந்தத் தளத்தில் எத்தனை பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு தூங்கினார்கள் என்பது உறைக்கும். துணியை நெய்த இழை பருமனாக இருந்தால் அத்தனையும் கெட்டுவிடும். அதனால் கைக்குட்டைத் துணியைவிட மெல்லியதாகத் தேட வேண்டும்.

துண்டில் எனக்கு ஒரு குறை உண்டு. தனி மனிதரின் அறை என்பது அதில் அநேகமாக வராது. கேப்டனின் பெரிய அறை பின்முனையில் இருக்கிறது. அதிகாரிகளின் சின்ன அறைகளும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். நடுத்துண்டில் வருவது பீரங்கி, தூளி, பீப்பாய், ஏணி, தளத்துத் திறப்புகளை மூடும் மரக் கிராதி. அதாவது கப்பல் என்னும் இயந்திரம் முழுதாக வரும், ஒருவர் தன் கண்ணாடியைக் கழற்றி வைத்த மேசை வராது. பின்முனையிலேயே துண்டு எடுக்கலாம்தான். அங்கே உடல் எல்லாத் திசையிலும் வளைந்து குறுகுவதால் ஒரு விலாச்சட்டம் போல இன்னொன்று இருக்காது. முதல் முயற்சிக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

ஒற்றை அறை

என் தேர்வு இது. காரணங்களைச் சொல்கிறேன்.

அறையைப் பெட்டிக்குள் செய்வது மினியேச்சர் கலையில் பழைய வழி. சிகாகோ கலை நிறுவனத்தில் இருக்கும் தார்ன் அறைகள் 68ஐயும் 1932க்கும் 1940க்கும் இடையில் 1:12 அளவில் கட்டினார்கள். பார்க்கிறவர் ஒரே திசையிலிருந்து, சுவரில் பதித்த சாளரம் வழியாகப் பார்ப்பது போன்ற அமைப்பு. கண் எங்கே நிற்கும் என்பது முன்பே முடிவாகிவிட்டதால், செய்கிறவரின் உழைப்பு அத்தனையும் பார்வைக்குள் விழுகிறது. கப்பலறைக்கு இந்த அமைப்பு அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தும்.

வழக்கமான ஒரு தடை எழும்: அறையை மட்டும் செய்தால் அது பொம்மை வீட்டு அறையாகிவிடாதா? ஆகும், சதுரமாகச் செய்தால். கப்பலில் எதுவும் சதுரமாக இருப்பதில்லை. தளம் நடுவில் உயர்ந்து இரண்டு ஓரங்களிலும் தாழும். அகலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு உயரம் என்று கப்பல் கட்டுகிறவர்களிடம் ஒரு பொதுக் கணக்கு உண்டு. நீளவாக்கிலும் முன்பின் முனைகள் மெல்ல உயரும். பக்கச் சுவர் பல போர்க்கப்பல்களில் மேலே போகப் போக உள்நோக்கிச் சாயும். பின்முனைச் சாளரங்களோ வெளிநோக்கிச் சாய்ந்து நிற்கும். இத்தனைக்கும் நடுவில் தச்சர் ஒரு மேசையை மட்டமாக நிறுத்தியாக வேண்டும்.

15 மீட்டர் அகலமுள்ள தளத்தில் சுவரை ஒட்டி அரை மீட்டர் ஆழத்தில் ஓர் அலமாரி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கணக்கின்படி அதன் முன்பக்க அடிக்கும் பின்பக்க அடிக்கும் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் உயர வித்தியாசம் இருக்கும். 1:24இல் அது ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல். அலமாரியின் அடிச்சட்டத்தைச் சாய்வாக அறுத்து, மேல்பலகை மட்டமாக நிற்கும்படி செய்தால், பார்க்கிறவருக்கு இது கப்பல் என்பது சொல்லாமலே பிடிபடும். எங்கே சாய்ந்திருக்கிறது என்று அவரால் விரல் வைத்துக் காட்ட முடியாது. ஆனால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தட்டையான தரையில் எவ்வளவு அழகான தளவாடம் வைத்தாலும் இந்த உணர்வு வராது.

அதனால் வேலையின் வரிசையும் வீட்டறைக்கு மாறானது. வீட்டறையில் சுவரை நிறுத்திவிட்டு உள்ளே பொருள்களை வைக்கலாம். இங்கே முதலில் உத்தரங்களை வளைவாக அறுத்து, அதன் மேல் தளப் பலகையை ஒட்டி, பக்கச் சட்டங்களை நிறுத்தியாக வேண்டும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு பொருளையும் அந்த வளைவோடு பொருத்திப் பொருத்தித்தான் அறுக்க முடியும். சுவரோடு சேர்ந்த படுக்கையின் தலைமாட்டுப் பலகையை எடுத்துக்கொள்வோம். ஓர் அட்டையைச் சுவருக்கு அருகே செங்குத்தாகப் பிடித்து, கவராயத்தின் முள்ளைச் சுவரில் உரசியபடி மேலிருந்து கீழே இழுத்தால், பென்சில் அதே வளைவை அட்டையில் வரைந்துவிடும். அட்டையை வெட்டி வைத்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் ஊடுருவும் இடத்தில் இன்னொரு அட்டை. சரியாக உட்கார்ந்ததும் மரத்துக்கு மாற்றி, கோட்டுக்குச் சற்று வெளியே அறுத்து, அரத்தால் ராவிக்கொண்டே வந்து கோட்டில் நிறுத்த வேண்டும். கப்பல் தச்சர்கள் பெரிய அளவில் செய்வதும் இதைத்தான். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. பலகை கடைசியில் சுவரில் போய் உட்காரும் ஓசையே தனி.

கப்பலறை என்பதைச் சொல்லும் இன்னும் சில சின்ன விஷயங்களும் உண்டு. மேசையின் விளிம்பில் பொருள் உருண்டு விழாமலிருக்க உயர்த்திய சட்டம். அலமாரித் தட்டின் குறுக்கே புத்தகத்தைப் பிடித்துவைக்கும் கம்பி. படுக்கைக்கு அடியில் இழுப்பறைகள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நேராக நிற்கும்படி வளையத்தில் தொங்கும் விளக்கு. போர்க்கப்பலாக இருந்தால் தடுப்புச் சுவர்களைச் சண்டைக்கு முன் கழற்றி எடுத்துவிடுவார்கள் என்பதால் அவற்றின் மேலும் கீழும் அதற்கேற்ற இணைப்புகள். விக்டரியின் பெரிய அறையில் தரையில் விரித்திருப்பது கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் தீட்டிய கித்தான். அதை அடியில் ஒளிந்திருக்கும் வளைவோடு சேர்த்து ஒட்டினால் கட்டங்களின் கோடுகளே தளத்தின் வளைவை வரைந்து காட்டும்.

ஒற்றை அறையிலும் எந்த அறை என்ற கேள்வி வரும். கேப்டன் அறைதான் எல்லோர் நினைவிலும் முதலில் வரும். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது ஒரு சிறிய படகின் சுக்கான் அறை. மூன்று பக்கமும் கண்ணாடி, அதனால் பார்ப்பதற்காகச் சுவரை எடுக்க வேண்டியதே இல்லை. சக்கரம், திசைகாட்டிப் பெட்டி, வரைபட மேசை, ஓர் உயரமான இருக்கை, கொக்கியில் தொங்கும் மழைக்கோட்டு. இவ்வளவுதான் பொருள்கள். இதில் சக்கரம் ஒன்றே கடினம். சக்கரத்தின் வட்டத்தைத் துண்டு துண்டாக, இழை ஓட்டம் வட்டத்தோடு போகும்படி ஒட்டிச் செய்யாவிட்டால், ஆரக்கால் நுழையும் இடத்தில் பிளந்துவிடும்.

பெரிய பயணிகள் கப்பலின் கூடத்தைச் செய்ய விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். டைட்டானிக்கின் படிக்கட்டு பலரையும் இழுக்கிறது. 1912இல் அது மூழ்கிவிட்டாலும், அதன் சகோதரக் கப்பலான ஒலிம்பிக்கின் மரவேலைப்பாடுகளில் ஒரு பகுதி இங்கிலாந்தின் ஆல்னிக் நகரத்தில் உள்ள ஒயிட் ஸ்வான் விடுதியில் இன்றும் இருக்கிறது. செதுக்கு வேலையில் தேர்ந்தவருக்கு அது நல்ல சவால். மற்றவர்களுக்கு அது கப்பலறையைவிட மாளிகைக் கூடமாகவே வந்து முடியும்.

அளவு

1:12, 1:24, 1:48 மூன்றையும் ஒரு பொருளை வைத்து ஒப்பிடலாம்: இழுப்பறை. உண்மையான இழுப்பறையின் பக்கப் பலகை 12 மில்லிமீட்டர் கனம் என்று கொள்வோம். 1:12இல் ஒரு மில்லிமீட்டர். மரத்தில் தாராளமாகச் செய்யலாம், மூலையில் பல் வெட்டி இணைக்கக்கூட முடியும். 1:24இல் அரை மில்லிமீட்டர். வெனீர் என்னும் மெல்லிய மரத்தகட்டில் முடியும், மூலை இணைப்பு ஒட்டுதான். 1:48இல் கால் மில்லிமீட்டர். அங்கே மரம் போய்க் காகிதம் வந்துவிடுகிறது. மரவேலைதான் உங்களுக்கு மகிழ்ச்சி என்றால் அறைக்கு 1:48 போகாதீர்கள். பெரிய துண்டுக்கு அது சரி, அங்கே சட்டமும் உத்தரமுமே நாயகர்கள்.

பிழைக்கான இடமும் அளவோடு சுருங்கும். அரை மில்லிமீட்டர் தவறு 1:12இல் 6 மில்லிமீட்டருக்குச் சமம், யாரும் கவனிக்க மாட்டார்கள். 1:48இல் அதுவே 24 மில்லிமீட்டர். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஓர் அங்குலம் இடைவெளி விட்ட தச்சரை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

இடமும் ஒரு கணக்கு. 3 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம் உள்ள அறை 1:12இல் 25 சென்டிமீட்டருக்கு 21. பெட்டியும் விளக்கும் சேர்ந்தால் ஒரு பெரிய அகராதியைவிடச் சற்றுப் பெரிது. 1:24இல் பன்னிரண்டரைக்குப் பத்தரை, கையில் ஏந்தலாம். 1:12க்கு இன்னொரு வசதி, பொம்மை வீட்டுக்காரர்களின் அளவு அதுவே என்பதால் கீல், பூட்டு, குமிழ் எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கும். அதுவே அதன் ஆபத்தும். ஆயத்தப் பொருள்கள் எல்லாம் வீட்டுப் பொருள்கள். நாலைந்தை வாங்கி வைத்தாலே அறை கப்பலை விட்டுக் கரையேறி வீட்டறையாகிவிடும். எனக்கு 1:24தான் ஒத்துவருகிறது. கருவி தாங்கும் எல்லைக்குள் இருக்கிறது, எல்லாவற்றையும் நாமே செய்யவும் தூண்டுகிறது.

மரம்

உண்மையான கப்பல் ஓக்கிலும் தேக்கிலும் கட்டப்பட்டது என்பதற்காக மாதிரியையும் அதிலேயே செய்ய நினைப்பது இயல்பு. ஆனால் மரத்தின் துளைகளை நாம் சுருக்க முடியாது. துளையின் அகலம் 0.2 மில்லிமீட்டர் என்றால் 1:24இல் அது கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் ஓட்டையாகத் தெரியும். ஓக், தேக்கு, வால்நட் மூன்றும் இந்த விதத்தில் தோற்றுப்போகும். பேரிமரம், பாக்ஸ்வுட், மேப்பிள், ஹாலி போன்றவற்றின் இழை நெருக்கமானது, கூர்மையான விளிம்பு நிற்கும். ஓக்கின் நிறம் வேண்டுமானால் பேரிமரத்துக்குச் சாயம் ஏற்றிக்கொள்ளலாம். பாஸ்வுட் மலிவு, மென்மை, பழகுவதற்கு நல்லது. ஆனால் மெல்லிய சட்டத்தில் விளிம்பு மழுங்கிவிடும். பால்சாவை அட்டைக்குப் பதிலாக வேண்டுமானால் பயன்படுத்தலாம். மூங்கிலை மறக்க வேண்டாம். இழையோடு பிளந்து, துளைத் தகட்டில் இழுத்து இழுத்து மெலிதாக்கினால் மர ஆணிகளுக்கு அதைவிட நல்லது இல்லை.

தளப் பலகைகளுக்கு நடுவில் கலப்பற்றுக் கோடு (நீர் புகாமல் இடுக்கை அடைத்த கறுப்புக் கோடு) காட்டப் பலரும் கறுப்பு நூலோ கறுப்புக் காகிதமோ வைக்கிறார்கள். 1:12இல் காகிதம் அழகு. 1:24இலும் அதற்குக் கீழும் பலகையின் விளிம்பில் ஒருமுறை பென்சில் தேய்த்தாலே போதும், காகிதம் தடித்துத் தெரியும்.

மரத்தூள் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. சின்ன வேலை என்பதால் தூளும் சின்னதாகவே இருக்கும், அதுதான் நுரையீரலின் ஆழத்துக்குப் போகும். சரியான முகக்கவசமும், தேய்க்கும் இடத்திலேயே தூளை உறிஞ்சும் ஏற்பாடும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

கிட்டா, வெறும் மரமா?

துண்டு செய்கிறவருக்கு நான் கிட்டைத் தயங்காமல் சொல்வேன். விலாச்சட்டத்தின் வளைவுகளை வரைபடத்திலிருந்து எடுத்து அறுப்பதில் வரும் சிறு பிழைகள் தளத்துக்குத் தளம் பெருகும். கிட்டில் அந்தத் தொல்லை குறைவு. லேசரில் வெட்டிய விளிம்பு கருகியிருக்கும், ஒட்டுவதற்கு முன் அதைத் தேய்த்து எடுக்காவிட்டால் பசை நன்றாகப் பிடிக்காது. கிராதியை மட்டும் அளந்து பாருங்கள். உண்மையில் அதன் ஓட்டைகள் இரண்டரை மூன்று அங்குலம் இருக்கும், 1:48இல் ஒன்றரை மில்லிமீட்டர். சில கிட்களில் ஆள் விழுந்துவிடும் அளவுக்கு ஓட்டை வைத்திருப்பார்கள். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, சீப்புப் பல் போல வெட்டிய பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகி நாமே செய்துகொள்ளலாம்.

ஒற்றை அறைக்குப் பொருத்தமான கிட் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் தேவையில்லை. சரியான கனத்தில் சீவிய பட்டைகளையும் மெல்லிய பலகைகளையும் வாங்கிக்கொண்டு, மற்றதைக் கையால் செய்வதே நல்ல நடுவழி. மரத்தை வேண்டிய கனத்துக்குச் சீவ இயந்திரம் வாங்க வேண்டிய அவசியமும் இதில் தீர்ந்துவிடும். மெல்லிய பல் உள்ள முதுகுவாள், கூர்மையான இரண்டு உளி, நல்ல அரங்கள், சிறிய இழைப்புளி, ஒரு செங்கோண மட்டம் இருந்தால் முதல் அறையை முடித்துவிடலாம்.

வரைபடம் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி இங்கே வரும். பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் பழைய வரைபடங்கள் கிரீனிச் அருங்காட்சியகத்தில் பெரும் எண்ணிக்கையில் உள்ளன. அவற்றில் நமக்கு வேண்டியது உடல் வளைவுப் படத்தைவிட, உள்பக்க நீள்வெட்டும் தளப் படங்களும். இன்றும் நிற்கும் கப்பலைத் தேர்ந்தெடுத்தால் ஒளிப்படங்களும் துணைக்கு வரும். போர்ட்ஸ்மத்தில் விக்டரி, கிரீனிச்சில் 1869இல் கட்டிய கட்டி சார்க், ஸ்டாக்ஹோமில் 1628இல் மூழ்கி 1961இல் மேலே எடுக்கப்பட்ட வாசா. இருந்தாலும் முதல் அறைக்குக் குறிப்பிட்ட ஒரு கப்பலைப் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்பேன். ஒரு காலத்தையும் ஒரு வகையையும் எடுத்துக்கொண்டு அதற்குள் சுதந்திரமாகச் செய்யுங்கள். இழுப்பறைக் கைப்பிடியின் வடிவத்துக்கு ஆதாரம் தேடியே வேலை நின்றுபோவது அப்போது நடக்காது.

பசை, விளக்கு, மூடி

பசைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். மரத்துக்கும் மரத்துக்கும் வெள்ளைப் பசை. நொடியில் ஒட்டும் சயனோ பசையை மூடிய அறைக்குள் பயன்படுத்தினால் அதன் ஆவி கண்ணாடிச் சாளரத்திலும் வார்னிஷிலும் வெண்படலமாகப் படியும். உள்ளே துடைக்கக் கை போகாது.

விளக்கில் இரண்டு வழி. தொங்கும் லாந்தருக்குள் மிகச் சிறிய எல்.இ.டி. வைப்பது ஒன்று. பின்முனைச் சாளரங்களுக்கு வெளியே, பால்நிறத் தாளுக்குப் பின்னால் விளக்கை ஒளித்துப் பகல் வெளிச்சம் போல உள்ளே பாய விடுவது இன்னொன்று. நான் இரண்டாவதையே சொல்வேன். உண்மையில் ஒரு லாந்தர் தரும் வெளிச்சம் மிகக் குறைவு. அதைக் கூட்டினால் அறை நாடக மேடை போலாகும். சாளர வெளிச்சத்தில் மரத்தின் இழையும் மேசையின் நிழலும் தாமாகவே பேசும். எந்த வழியானாலும் விளக்கை வெளியிலிருந்து மாற்ற முடிய வேண்டும். இதை மனதில் வைத்துப் பெட்டியின் பின்பலகையைத் திருகில் நிறுத்துங்கள், ஒட்டிவிடாதீர்கள்.

கண்ணாடி போட்டு மூடுவதா, திறந்து விடுவதா? தூசிக்காக மூடத்தான் வேண்டும். ஆனால் முற்றிலும் அடைத்த பெட்டிக்குள் ஓக் போன்ற மரங்களும் சில பசைகளும் வெளிவிடும் அமில ஆவி தேங்கும். ஈயத்தில் வார்த்த பீரங்கி, நங்கூரம் போன்றவை அதில் வெள்ளைப் பொடியாக அரித்துப்போவது கப்பல் மாதிரி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த நோய். பெட்டியை ஓக்கில் செய்யாமலும், உள்ளே ஈயத்துக்குப் பதில் பித்தளையும் மரமுமாக வைத்தும், பின்புறம் துணி வடிகட்டி வைத்த சில துளைகளை விட்டும் இதைத் தடுக்கலாம்.

மூன்று வழிகளில் எது என்று இன்னும் மனம் ஆடிக்கொண்டிருந்தால், மரம் வாங்குவதற்கு முன்னால் அட்டையில் கட்டிப் பாருங்கள். தரை, கூரை, இரண்டு சுவர், மேசைக்கும் படுக்கைக்கும் வெறும் கட்டைகள், அவ்வளவுதான். அதை வைக்கப்போகும் அதே அலமாரியில், அதே உயரத்தில் வைத்து, நின்றும் உட்கார்ந்தும் பாருங்கள். படுக்கைக் கட்டை பார்வைக்கு வராவிட்டால் அளவைப் பெரிதாக்குங்கள், அல்லது அலமாரியில் ஒரு தட்டு மேலே ஏற்றுங்கள். கூரை கண்ணை மறைத்தால் முன்னாலுள்ள ஓர் உத்தரத்தை விட்டுவிடலாமா என்று யோசியுங்கள். சாளரத்துக்குப் பின்னால் ஒரு டார்ச்சைப் பிடித்து, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, எழுதுமேசையை எந்தச் சுவரில் வைத்தால் அதன் இழுப்பறை வெளிச்சத்தில் இருக்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த அட்டையைக் குப்பையில் போட வேண்டாம். உத்தரத்தின் வளைவை மரத்தில் வரையும்போது அதே அட்டைதான் அச்சு.